கார் கொதித்து நின்றுவிட்டது, என்ஜின் போய்விட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை தண்டையார்பேட்டையில் கார் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் வண்டிகளைக் கயிறு கட்டி இழுத்து வருவார்கள். கத்திரி முடியும் வரை இது நிற்காது. வந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "என்ஜின் போயிடுச்சாண்ணே?" பானட்டைத் தூக்கிப் பார்த்தவுடன் அதற்குப் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். "ஒண்ணும் ஆகல, தண்ணி ஊத்தி ஓட்டு" என்றாலும் சரி, "ஹெட்டை (என்ஜினின் மேல்பாகத்தை) இறக்கணும்" என்றாலும் சரி, சோதிக்காமல் சொன்னால் இரண்டும் ஊகம்தான். ஷெட்டில் நின்றபடி நான் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வண்டி ஹீட் ஆகி நடுரோட்டில் நிற்கிறேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஏசியை அணையுங்கள். ஓரம்கட்டி என்ஜினை ஆஃப் செய்யுங்கள். எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசைக்குள் மாட்டிக்கொண்டால் உடனே ஓரம்கட்ட முடியாது, எனக்குத் தெரியும். அந்த மாதிரி நேரத்தில் ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி, காற்றை முழு வேகத்தில் வையுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் என்ஜின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். ஓரத்துக்கு வர அது உதவும்.

நிறுத்திய பிறகு ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். அந்த மூடி உள்ளே ஏறக்குறைய 0.9 முதல் 1.1 பார் வரை அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அழுத்தம் இருப்பதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும், கொதிக்கும் தண்ணீரும் ஆவியும் ஒரே சமயத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டுத் திறந்து முகம் வெந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆகும். என்ஜின்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஆற்றக் கூடாது. சூடான அலுமினிய ஹெட் அப்படித்தான் விரிசல் விடுகிறது.

ஆறிய பின், சாவியைத் திருகும் முன், ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, அதாவது டிப் ஸ்டிக்கை, உருவிப் பாருங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் ஒரு முறை கூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது, நன்றாகவும் ஓடுகிறது. அப்படியானால் சேதம் இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

வாடகைக் கார் ஓட்டும் தம்பி ஒருவர். மணலியில் சவாரி ஏற்றிக்கொண்டு சென்ட்ரலுக்குப் போகும்போது மூலக்கடை தாண்டியதும் வண்டி கொதித்திருக்கிறது. பத்து நிமிடம் நிறுத்தி, இரண்டு பாட்டில் தண்ணீர் ஊற்றி, சவாரியை முடித்துவிட்டார். நாலு நாள் கழித்து வந்தார். "ஓடுதுண்ணே, காலையில எடுக்கும்போது மட்டும் ஒரு நிமிஷம் உதறுது, அப்புறம் சரியாயிடுது."

நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி ஒரு துணியில் வரிசையாக வைத்தேன். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்றும் லேசான பழுப்பு நிறத்தில், வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படி இருந்தன. மூன்றாவது பிளக் மட்டும் சாம்பல் போட்டுத் தேய்த்த பாத்திரம் மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது. ராத்திரி வண்டி நிற்கும்போது அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் (என்ஜினை ஆற்றும் ரேடியேட்டர் திரவம்) துளித்துளியாக இறங்கி, காலையில் ஆவியாகி, பிளக்கைக் கழுவிவிட்டுப் போயிருக்கிறது. "இது என்னண்ணே புதுசு மாதிரி இருக்குது?" என்று அவரே எடுத்துக் காட்டினார். ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் விட்டிருந்தது. அந்த நாலு நாளும் ஓட்டியதில் கேஸ்கட் விட்ட இடத்தில் ஹெட்டின் முகமும் அரித்துப் பள்ளமாகிவிட்டது. முதல் நாளே வந்திருந்தால் கேஸ்கட்டோடு முடிந்திருக்கும். ஹெட்டின் முகத்தைச் சீவி நேராக்கும் லேத் வேலையும் சேர்ந்துகொண்டது, ஒரு வார வருமானமும் போனது.

ஸ்டார்ட் ஆகிறது என்றால் சில சிலிண்டராவது வேலை செய்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் எதுவும் அதிலிருந்து தெரியாது.

ஹீட் ஆனால் உள்ளே என்னதான் கெடுகிறது?

முதல் அடி ஹெட்டுக்கும் ஹெட் கேஸ்கட்டுக்கும். நம் ஊரில் பலரும் ஹெட் பேக்கிங் என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலான என்ஜின்களில் ஹெட் அலுமினியம். நிறைய வண்டிகளில் கீழே இருக்கும் பிளாக் இரும்பு வார்ப்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போல்ட் போட்டு இறுக்கிய ஹெட் விரிய இடமில்லாமல் நடுவில் வளைகிறது. ஆறிய பின்னும் அந்த வளைவு முழுவதும் திரும்பாது. வளைந்த இடத்தில் கேஸ்கட்டின் பிடி தளரும். வால்வுகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பாலத்தில் விரிசலும் விழலாம்.

அதற்குப் பிறகும் ஓட்டினால் சேதம் கீழே இறங்கும். ஆயில் நீர்த்து, சிலிண்டர் சுவரில் நிற்காமல் போகும். பிஸ்டன் விரிந்து சுவரில் கீறும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தன் விறைப்பை இழக்கும். இன்னும் ஓட்டினால் ஜாம்தான்.

அதனால் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "சிவப்பு விளக்கு வந்த பிறகு எவ்வளவு நேரம் ஓட்டினீங்க?" என்றுதான். சிவப்பைப் பார்த்த உடனே நிறுத்தியவரின் என்ஜின் பெரும்பாலும் தப்பிவிடும். "வீடு பக்கத்துலதானே" என்று கால் மணி நேரம் ஓட்டியவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. உண்மையைச் சொல்லுங்கள், உங்களைத் திட்ட மாட்டோம். எந்தச் சோதனையில் தொடங்குவது என்பது அந்த ஒரு பதிலை வைத்துத்தான்.

டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போகவே இல்லை. ஆனாலும் ஆவி வந்தது. எப்படி?

சென்சார் தண்ணீருக்குள் மூழ்கி இருந்தால்தான் சரியான சூட்டைச் சொல்லும். ஹோஸ் வெடித்து தண்ணீர் மொத்தமும் போய்விட்டால் அது காற்றில் தொங்குகிறது. ஹெட் வெந்துகொண்டிருக்கும், முள்ளோ பாதியில் நிற்கும், சில சமயம் இறங்கிக்கூடப் போகும். முள் நடுவில் இருந்து திடீரென்று கீழே விழுந்தாலும் நிறுத்திப் பாருங்கள்.

இப்போது வரும் பல சின்ன கார்களில் முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, நடுவில் ஒன்றும் இல்லை. சிவப்பு எரியும்போது சூடு ஏற்கெனவே எல்லை தாண்டியிருக்கும். "அடுத்த சிக்னல் வரைக்கும்" என்று நினைக்க அங்கே இடமில்லை.

ஷெட்டுக்கு வருவதற்கு முன் நானே பார்க்கக்கூடியது என்ன?

நிறையவே இருக்கிறது. எல்லாவற்றையும் வண்டி முழுக்க ஆறிய பின் பாருங்கள், காலை நேரம் நல்லது.

ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் டப்பா மூடியையோ திறந்து முகர்ந்து பாருங்கள். சைலன்சர் புகை வாடை அடித்தால் சிலிண்டரில் எரியும் வாயு தண்ணீருக்குள் வருகிறது. மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்றும் கவனியுங்கள்.

மூடி திறந்தபடியே ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, எட்டி நின்று பாருங்கள். முதல் அரை நிமிடத்திலேயே குமிழிகள் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஒன்றிரண்டு குமிழி வந்து நின்றுவிட்டால் அது ஊற்றும்போது மாட்டிய காற்று. பார்த்தவுடன் அணைத்துவிடுங்கள்.

மூடியைப் போட்டுவிட்டு, இன்னொரு நாள் காலையில் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். என்ஜின் இன்னும் சூடேறவே இல்லை, ஹோஸ் மட்டும் கல் மாதிரி இறுகியிருந்தால் அந்த அழுத்தம் சிலிண்டரிலிருந்து வருகிறது.

சைலன்சரில் வெள்ளைப் புகை காலையில் சிறிது வந்து மறைவது இயல்பு. வண்டி சூடான பின்னும், அதுவும் சென்னை வெயிலில், அடர்த்தியாக வந்து இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் எரிகிறது.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஒரே தாளத்தில் சத்தம் வர வேண்டும். நாலு அடியில் ஒரு அடி மட்டும் லேசாக, வேகமாக ஓடிப்போவது மாதிரி கேட்டால் அந்த சிலிண்டரில் அழுத்தம் இல்லை. ஸ்டார்ட்டர் சுற்ற முயன்று "டக்" என்று நின்றுவிட்டால் மறுபடி முயலாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் நிறைந்திருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெள்ளையாக நுரை ஒட்டியிருக்கிறது. கேஸ்கட் போய்விட்டதா?

அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தினமும் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், மழைக்காலத்தில், காற்றின் ஈரமே அந்த மூடியில் படிந்து நுரையாகும். டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்து, கூலன்ட் அளவும் குறையாமல் இருந்தால் மூடியைத் துடைத்துவிட்டு, ஒரு நாள் நீண்ட தூரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் அது வேறு கதை.

மெக்கானிக்கிடம் என்னென்ன சோதனை செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்?

ஹெட்டை இறக்கும் முன் செய்ய வேண்டிய நாலு சோதனைகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்தாலும் அரை நாள் வேலை. ஹெட்டை இறக்கி ஏற்றும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் காசு மிகக் குறைவு.

முதலில் பிரஷர் டெஸ்ட். ஆறிய வண்டியில், ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் ஒரு கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி, கால் மணி நேரம் விடுவோம். முள் இறங்கக் கூடாது. இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. ஹோஸ், வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சின்னத் துளை, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வெளியே எங்கும் ஈரமே இல்லாமல் முள் இறங்கினால் உள்ளே ஒழுகுகிறது. மூடியையும் அதே பம்ப்பில் மாட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். ரப்பர் தேய்ந்த ஒரு மூடிதான் மொத்தக் கதைக்கும் காரணமாக இருந்த வண்டிகள் உண்டு.

இரண்டாவது, நீலத் திரவச் சோதனை. ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவத்தை ஊற்றி, ரேடியேட்டர் வாயில் வைத்து, என்ஜின் ஓடும்போது அங்கே சேரும் காற்றை அதன் வழியாக இழுப்போம். எரிந்த வாயுவில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலம் மாறும். பெட்ரோல் வண்டியில் மஞ்சளாகும், டீசலில் பச்சையாகும். வாடிக்கையாளரைப் பக்கத்தில் நிறுத்தி இதைக் காட்டுவது எனக்குப் பிடிக்கும், நான் பேச வேண்டியதே இருக்காது. ஒரு எச்சரிக்கை உண்டு. குழாய்க்குள் கூலன்ட் ஏறிவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. ரேடியேட்டரில் அளவைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

மூன்றாவது கம்ப்ரஷன் டெஸ்ட். எல்லா பிளக்கையும் கழற்றி, பெட்ரோலை நிறுத்தி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். சாதாரண பெட்ரோல் காரில் ஒவ்வொரு சிலிண்டரும் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும். உங்கள் வண்டிக்கான எண் அதன் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அந்த எண்ணை விட முக்கியம், சிலிண்டர்களுக்குள் இருக்கும் வித்தியாசம். 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் விடக் கூடாது. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு மட்டும் குறைந்தால் அவற்றுக்கு நடுவில் கேஸ்கட் கிழிந்திருக்கிறது. இந்த வகையில் தண்ணீர் குறையாது, ஆயிலும் கலங்காது, வண்டி உதறும், அவ்வளவுதான். ஒரு சிலிண்டர் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளப்போம். எண் ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது கேஸ்கட். டீசலுக்கு இந்த மீட்டர் தாங்காது, தனி மீட்டர் வேண்டும்.

நான்காவது, பிளக் துளை வழியாக விடும் சின்ன கேமரா. இப்போது நிறைய ஷெட்களில் வந்துவிட்டது. கூலன்ட் இறங்கும் சிலிண்டரில் பிஸ்டன் தலை கழுவியது மாதிரி பளபளக்கும், மற்றவற்றில் கரி படிந்திருக்கும். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் தெரிந்தால் வேலை ஹெட்டோடு நிற்காது. படத்தை உங்கள் போனில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் இதெல்லாம் எதற்கு, நேராக ஹெட்டை இறக்கிவிடலாம் என்கிறார்.

ஆயில் மொத்தமும் பால் டீ ஆகி, ரேடியேட்டரில் குபுகுபுவென்று கொப்புளம் வந்தால் அவர் சொல்வதில் தப்பில்லை. மற்றபடி, எதற்காக இறக்குகிறீர்கள், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார்.

ஆயிலும் தண்ணீரும் கலப்பதற்கு ஹெட் மட்டும் காரணமில்லை. சில வண்டிகளில் ஆயில் கூலர் கூலன்ட்டோடு இணைந்திருக்கும், அது உள்ளே ஓட்டையானாலும் இதே அறிகுறிதான். டீசலில், என்ஜினுக்குள் திருப்பி விடும் புகையை கூலன்ட்டால் ஆற்றும் ஈ.ஜி.ஆர். கூலர் விட்டால் வெள்ளைப் புகையும் வரும், கூலன்ட்டும் மாயமாகும். ஹெட்டை இறக்கி, லேத் போட்டு, புது கேஸ்கட் போட்டு ஏற்றிய பிறகு அதே கோளாறோடு வேறு இடத்திலிருந்து எங்களிடம் வந்த டீசல் வண்டி ஒன்றில் கூலர்தான் போயிருந்தது. அந்த உரிமையாளரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் "முதல்ல டெஸ்ட்" என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமானேன்.

ஹெட்டை இறக்கியாகிவிட்டது. லேத்தில் என்ன பார்க்கச் சொல்ல வேண்டும்?

நேர்விளிம்புப் பட்டையை ஹெட்டின் முகத்தில் நீளவாக்கில், குறுக்கில், மூலைக்கு மூலை என்று வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் பீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்ப்பார்கள். பல சின்ன கார்களுக்கு எல்லை 0.05 மி.மீ. தலைமுடி தடிமன் கூட இல்லை. அதனால் கண்ணால் பார்த்து "நேரா இருக்குது" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். பிளாக்கின் முகத்தையும் அதே மாதிரி அளக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சீவுவதற்கு முன் விரிசல் சோதனை செய்ய வேண்டும். ஹெட்டின் தண்ணீர் வழிகளை அடைத்து, காற்று அழுத்தம் கொடுத்து, தொட்டியில் முக்கினால் விரிசலில் குமிழி வரும். வெந்நீர்த் தொட்டி என்றால் இன்னும் நல்லது, சூட்டில் மட்டும் வாய் திறக்கும் விரிசல்கள் உண்டு. விரிசல் விட்ட ஹெட்டைச் சீவிக் கொடுத்தால் காசும் போய், வேலையும் போய்விடும்.

வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டை அதன் இடத்தில் வைத்துக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெட் வளையும்போது அடிப்பக்கம் மட்டும் வளைவதில்லை, மேலே கேம் உட்காரும் வரிசையும் சேர்ந்து வளைகிறது. அடியை மட்டும் சீவி நேராக்கினால் மேலே வளைவு அப்படியே இருக்கும், கேம் இறுகும். அந்த நிலையில் ஹெட்டை மாற்றுவதே சரி.

டீசல் ஹெட்களில் சிலவற்றைச் சீவவே கூடாது என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பார். சீவினால் வால்வு பிஸ்டனுக்கு நெருக்கமாக வந்துவிடும். டீசல் கேஸ்கட் பல தடிமன்களில் வரும், ஓரத்தில் இருக்கும் துளை அல்லது வெட்டு எண்ணிக்கைதான் அடையாளம். பழையதில் எத்தனை என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஹெட் போல்ட் பல வண்டிகளில் ஒரு முறை இறுக்கினால் நீண்டுவிடும் வகை. அவற்றை மறுபடி பயன்படுத்தக் கூடாது. போல்ட் துளைக்குள் தண்ணீரோ ஆயிலோ நிற்காமல் காற்றடித்துச் சுத்தம் செய்து, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, புத்தகம் சொல்லும் வரிசையில் இறுக்க வேண்டும். கைக்கணக்கில் இறுக்கிய ஹெட் சில மாதத்தில் திரும்பி வரும்.

ஆயிலில் தண்ணீர் கலந்து ஓடிவிட்டது. கீழ் என்ஜினுக்கு என்ன ஆகும்?

பேரிங்குக்கு ஆபத்து. கூலன்ட் கலந்த ஆயில் வழுக்காது, பேரிங் உலோகத்தையும் அரிக்கும். எவ்வளவு தூரம் ஓடியது என்பதைப் பொறுத்து ஆயில் தொட்டியைக் கழற்றி, ஒன்றிரண்டு பேரிங் மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது. ஆயிலில் மினுமினுப்பாகத் தூள் தெரிந்தால் கட்டாயம் திறக்க வேண்டும். ஹெட் மட்டும் சரி செய்து, பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினால் போதாது. கொஞ்சம் ஓட்டி மறுபடி வடித்து, ஃபில்டரையும் மாற்ற வேண்டும்.

ஆயில் கலக்காவிட்டாலும், வண்டி நன்றாகக் கொதித்திருந்தால் ஆயிலை மாற்றிவிடுங்கள். வெந்த ஆயில் வாடையிலேயே தெரியும்.

நம் பக்கத்து வண்டிகள் இவ்வளவு ஹீட் ஆவதற்கு என்ன காரணம்?

எங்கே ஹீட் ஆகிறது என்பதே பாதிப் பதில். பேசின் பிரிட்ஜ் நெரிசலிலோ கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டிலோ நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்று போதவில்லை. ஃபேன் மோட்டார், ரிலே, ஃபியூஸ் பாருங்கள். நிற்கும்போது சரியாக இருந்து, ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம் பக்கம் வேகமெடுத்ததும் ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும், அல்லது வாட்டர் பம்ப்பின் இறக்கை அரித்திருக்கும், அல்லது கேஸ்கட் விடுகிறது.

இங்கே கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் கடல் உப்புக் காற்றும் சேர்ந்து ரேடியேட்டர் தகடுகளில் ஈரமாவு மாதிரி அப்பிக்கொள்கின்றன. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள், மறுபக்கம் வெளிச்சம் தெரியாவிட்டால் அதுதான் காரணம். முன்பக்கம் மட்டும் தண்ணீர் அடித்தால் போகாது.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றலாமா?

உயிர் போகிற அவசரத்துக்கு ஊற்றலாம், வண்டி ஆறிய பின். அதோடு ஷெட்டுக்கு வந்து முழுவதும் வடித்துக் கழுவ வேண்டும். அதையே வழக்கமாக்கிக்கொண்டால் நீங்களே என்ஜினைக் கெடுக்கிறீர்கள். திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறியிருப்பது ஊருக்கே தெரியும். வீட்டு வாளியில், குழாய் முனையில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. அலுமினியத்தை அரிக்கவும் செய்கிறது. ஒரு முறை கழற்றிய தெர்மோஸ்டாட்டில் (சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) சுண்ணாம்பு பூசியது மாதிரி உப்பு ஏறி, வால்வு திறக்கவே வழியில்லாமல் இருந்தது. பெட்ரோல் பங்க்கில் குழாயடியில் நின்று ஊற்றிய தண்ணீர்தான் எல்லாம்.

வீட்டில் வாங்கும் கேன் தண்ணீர் போர் தண்ணீரை விட எவ்வளவோ மேல். நிரந்தரமாக ஊற்றுவதற்கு, புத்தகத்தில் சொன்ன கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும்தான். "சென்னைல பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?" என்பார்கள். கூலன்ட் பனிக்கு மட்டும் இல்லை. துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. பாதிக்குப் பாதி கலந்து, மூடியும் சரியாக இருந்தால் 125 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும்.

மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடைபடும் என்கிறார்களே?

ஊசி முனை அளவு ஓட்டையில் போய் அடைக்கும், அது உண்மைதான். லாரி ஓட்டும் பெரியவர்கள் அப்படித்தான் ஊர் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்க அதற்குத் தெரியாது. இன்றைய ரேடியேட்டர் குழாய்களும் ஹீட்டர் குழாய்களும் மிக மெல்லியவை, அங்கேயும் படியும். கடையில் விற்கும் அடைப்பு மருந்துக்கும் இதே பதில். போட்டிருந்தால் மறைக்காமல் மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள்.

சென்னை வெயிலுக்கு தெர்மோஸ்டாட் தேவையில்லை, கழற்றிவிடலாமா?

கூடாது. தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 82 முதல் 88 டிகிரியில் திறந்து வழிவிடுகிறது. அது இல்லாவிட்டால் என்ஜின் தன் சூட்டுக்கு வர நேரமெடுக்கும், கம்ப்யூட்டர் இன்னும் குளிர் என்று நினைத்து பெட்ரோலை அதிகம் விடும், மைலேஜ் போகும். இன்னொரு விஷயம், சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடவும் செய்கிறது. அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும், ஹீட் கூடத்தான் செய்யும்.

சிஎன்ஜி வண்டிக்கு வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஒன்று உண்டு. கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் ரெட்யூசருக்குச் சூடு கொடுப்பது கூலன்ட்தான். கூலன்ட் குறைந்தால் ரெட்யூசர் குளிர்ந்து மேலே பனி பூக்கும், வண்டி கேஸில் உதறும். பலர் இதை கேஸ் கிட் கோளாறு என்று நினைத்து அலைகிறார்கள். கூலன்ட் மாற்றிய பின் அந்த லைனில் காற்று மாட்டாமல் எடுக்கவும் வேண்டும்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

தானாக ஹீட் ஆனதற்குச் சாதாரண பாலிசியில் கிடைக்காது, இயந்திரக் கோளாறு அதில் விலக்கு. விபத்தில் ரேடியேட்டர் ஓட்டையானால் ரேடியேட்டருக்குக் கிடைக்கும். அதன் பிறகும் நீங்கள் ஓட்டி என்ஜின் போனால் அந்தக் கூடுதல் சேதத்துக்குக் கிடைக்காது. இடித்த இடத்திலேயே நிறுத்திப் படம் எடுங்கள், கம்பெனிக்குச் சொல்லுங்கள். என்ஜினுக்கென்று தனியாகச் சேர்த்த கவர் இருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டையில் பழைய ஹெட் வாங்கிப் போடலாமா?

போடலாம், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஹெட் ஏன் கழன்று வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பணம் கொடுக்கும் முன், லேத்தில் அளந்து விரிசல் சோதனை செய்து, சரியில்லை என்றால் திருப்பித் தருவேன் என்று பேசிக்கொள்ளுங்கள்.

எல்லாச் சோதனையிலும் சரியாக வந்துவிட்டது. எப்போது நிம்மதியாக இருக்கலாம்?

சூட்டில் தளர்ந்த கேஸ்கட் சில சமயம் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் விடும். கூலன்ட் டப்பாவில் அளவு இருக்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். தினமும் காலையில், வண்டி எடுக்கும் முன், அந்தக் கோட்டையும் டிப் ஸ்டிக்கையும் பாருங்கள், அரை நிமிட வேலை. முதல் இரண்டு நாளில் லேசாக இறங்கினால் உள்ளே மாட்டியிருந்த காற்று வெளியேறியிருக்கும். கோடு வரை நிரப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் கோடு அசையாமல் இருந்தால் திருப்பதிக்கே வண்டியை எடுக்கலாம். மறுபடி இறங்கினால், எந்த நாளில் எவ்வளவு இறங்கியது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். நீலத் திரவச் சோதனையை மறுபடி செய்து பார்த்துவிடுவோம்.